பதினொரு மணிக் கோப்பு

நான் யானையை எடை போட்டவன். எடையளவு ஆய்வாளராக அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் இருந்ததில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் படிக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்தியிருக்கிறேன். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. யானையை மட்டும் கேட்பார்கள். லாரி எடைமேடையில் ஒரு கோவில் யானையைப் பாகனோடு ஒரு தடவை ஏற்றினேன், பாகன் இல்லாமல் ஒரு தடவை ஏற்றினேன். இரண்டு தடவையும் ஒரே எடை. மேடையில் கோளாறு கிடையாது, நானே முத்திரை குத்திய மேடை. பாகன் அப்படி ஆள். பதிவேட்டில் 'பாகன்: எடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்குப் பாகனும் கையெழுத்துப் போட்டான்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து எனக்குக் கிடைத்த வேலையும் யானை மேல் உட்காரும் வேலைதான்.

தூத்துக்குடியில் 'இளங்காற்று' என்று ஓர் அறக்கட்டளை. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷினை வீட்டுக்கே கொண்டுபோய் இரவல் கொடுப்பார்கள். ஐந்து மாவட்டத்துக்கும் அவர்கள்தான். உப்பளத்தில் வெந்தவர்கள், சிமெண்டு மூட்டை தூக்கியவர்கள், பீடி சுற்றியவர்கள், பீடி குடித்தவர்கள், எல்லாரும் போனில் விண்ணப்பிப்பார்கள். முன்பெல்லாம் ஐந்து பேர் மூன்று நாள் உட்கார்ந்து யாருக்கு முதலில் என்று முடிவு செய்வார்களாம். அப்புறம் சீர்தூக்கி வந்தது. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு செயற்கை அறிவு. டாக்டர் சீட்டைப் படிக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும், வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும். ஐந்து பேரின் மூன்று நாள் வேலையை ஒரு வடை தின்னும் நேரத்தில் முடித்துவிடும்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கு இது கவலையாகிவிட்டது. மெஷினே முடிவெடுத்தால் பொறுப்பு யாருடையது? அதனால் நாற்பது பக்கத்தில் ஒரு நெறிமுறைக் கையேடு தயாரானது. ஏழாவது விதி: சீர்தூக்கியின் ஒவ்வொரு பரிந்துரையையும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். எட்டாவது விதி: அந்த மனிதருக்கு விண்ணப்பதாரரின் பெயர், ஊர், சாதி, மதம் எதுவும் தெரியக்கூடாது. ஒன்பதாவது விதி: எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தருகிறவர் கண்காணிப்பாளரே அல்ல, எனவே மாதத்தில் நூற்றுக்கு மூன்று பரிந்துரைகளையாவது அவர் மறுக்கவேண்டும்.

ஒன்பதாவது விதியை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

அந்த மனிதராக என்னை எடுத்தார்கள். முத்திரை குத்திய அனுபவம் இருந்ததாம். இயக்குநர் ஹெலன் மேடம், நாற்பது வயதிருக்கும், நல்ல பெண், எனக்கு வேலையை விளக்கினார். "தெய்வநாயகம் சார், ஒரு நாளைக்கு முப்பது கோப்பு வரும். சீர்தூக்கி தப்பு பண்ணாது. ஆனா நீங்க ஒருத்தர் இருக்கணும்."

முதல் மாதம் முழுக்க 'ஒப்புதல்' பொத்தானை அழுத்தினேன். மாத முடிவில் மேடம் என் அறைக்கு வந்தார்.

"சார், மறுப்பு பூஜ்யம்னு வந்திருக்கு."

"எல்லாம் சரியா இருந்துச்சு மேடம்."

"சரியா இருந்ததுல தப்பில்ல சார். ஆனா நீங்க பாத்தீங்கன்னு நாங்க எப்படி நிரூபிக்கிறது? நூத்துக்கு மூணு வேணும்."

"யாரை மறுக்க?"

"அது உங்க சுதந்திரம் சார். அதுல நாங்க தலையிடவே கூடாது. கையேட்டுலயே இருக்கு."

எனக்குத் தெரிந்த சுதந்திரம் ஒன்றுதான். சந்தையில் சோதனைக்குப் போனால் கடைக்கு நூறு படிக்கல் இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க ஆயுள் போதாது. டீ வாங்கிக் குடிப்போம். குடித்துவிட்டுக் கைக்கு முதலில் அகப்படும் கல்லை எடுத்து ஒதுக்குவோம். முப்பத்தொரு வருடம் அரசாங்கம் இப்படித்தான் மக்களைக் காப்பாற்றியது. இங்கேயும் அதையே செய்தேன். தினமும் பதினொரு மணிக்கு டீ வரும். குடித்து முடித்ததும் திரையில் வரும் முதல் கோப்புக்கு 'மறுப்பு'. முப்பதில் ஒன்று, நூற்றுக்கு மூன்றேகால். 'காரணம்?' என்று ஒரு கட்டம் வரும். 'அனுபவம்' என்று அடிப்பேன்.

டீ கொண்டுவருவது லூர்தம்மாள். ஐம்பது வயதுக்காரி. அலுவலகத்தைக் கூட்டுவது, டீ போடுவது, பேட்டரி லாரியில் மெஷின் ஏற்றும்போது ஒரு கை பிடிப்பது எல்லாம் அவள்தான். டம்ளரை எடுக்க வாசலிலேயே நிற்பாள். கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் டீ கொண்டாந்து வச்ச ஒடனே ஒருத்தருக்கு இல்லேங்கியளே சார், என் டீ அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"சக்கரை கொஞ்சம் தூக்கல்."

"அதுக்கு எனக்கில்லா தண்டன குடுக்கணும்? ஊர்ல எவனோ மூச்சு முட்டிக் கெடக்கான், அவன் என்ன செஞ்சான்?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுநாள் சர்க்கரை சரியாக இருந்தது. கோப்பையும் மறுத்தேன்.

இரண்டு வருடம் போனது. ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெளியிலிருந்து வந்த ஆய்வுக்குழு என் மறுப்புகளை எல்லாம் அலசிப் பார்த்ததாம். நான் மறுத்தவர்களில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. ஒருவருக்கும் கேடு வரவில்லை. சீர்தூக்கியே கவனிக்காத ஏதோ ஒன்றை என் கண் கவனிக்கிறது என்று மேடையில் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு மறுக்கவேண்டிய எண்ணிக்கை முடிந்திருந்தது.

அதற்கு அடுத்த சித்திரையில் லூர்தம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல. நாலடி நடந்தா உக்காந்துருதாரு. நானும் மெஷினுக்கு எழுதிப் போடலாமா? இங்க வேல பாக்கோமே, குத்தமாயிருமா?"

"குத்தமில்ல, தாராளமா போடலாம். ஆனா எங்கிட்ட சொல்லக்கூடாது. எட்டாவது விதி. இப்ப நீ சொன்னதே தப்பு."

"சரி சார். நான் ஒண்ணும் சொல்லல."

அத்தோடு சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசி வேலைநாள் வந்தது. ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டதால் மறுப்புக் கணக்கு ஒன்று குறைந்து நின்றது. பதினொரு மணி ஆயிற்று. டீ வரவில்லை.

"லூர்தம்மா, டீ?"

"பால் திரிஞ்சுபோச்சு சார்."

"கட்டஞ்சாயா போடேன்."

"தூள் தீந்துபோச்சு."

"வெந்நீராவது குடு."

"கேஸ் இல்ல சார்."

மூன்றும் ஒரே நாளில் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நான் அனுபவசாலி, நம்பினேன். டீ இல்லாமல் எப்படி மறுப்பது? வந்த கோப்புகளுக்கெல்லாம் 'ஒப்புதல்' அழுத்திக்கொண்டே போனேன். பன்னிரண்டரை மணிக்கு மூன்று கோப்புதான் மிச்சம். அன்றைக்கும் ஒன்றையும் மறுக்காமல் மாதம் முடிந்தால் மேடம் வருவார். இறங்கிப் போய் முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் கோப்பு: வயது 61. சுமைத் தொழிலாளி. ரத்தத்தில் ஆக்சிஜன் 83. வீட்டில் கரண்ட் உண்டு. பரிந்துரை: உடனடி ஒப்புதல்.

மறுப்பு.

'உறுதியா?' என்று கேட்டது. இரண்டு வருடத்தில் அது அப்படிக் கேட்டதில்லை. புதிதாக ஏதோ வசதி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உறுதி. 'காரணம்?' அனுபவம். 'கோப்பைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும்.' எனக்குப் பசி. அழுத்திவிட்டு எழுந்தேன். நிதானமாகப் படித்திருந்தால் அது யாரென்று தெரிந்திருக்குமா என்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை.

வாசலில் லூர்தம்மாள் நின்றாள். முகத்தில் ஒரு நிம்மதி.

"சாப்பிடப் போறியளா சார்? இன்னிக்கு யாருக்கும் இல்லேங்கல போல."

"மாசக் கடைசி இல்லையா. ஒருத்தருக்கு இல்லேன்னாச்சு."

"டீ குடிக்காமயா?"

"கீழ போய்க் குடிச்சேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, "கீழ டீ நல்லா இருந்துச்சா சார்?" என்றாள்.

"பரவாயில்ல," என்றேன்.

சாயங்காலம் அவள் போனுக்குச் செய்தி வந்தது. மறுக்கப்பட்டது, ஏழு நாள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அவள் ஹெலன் மேடத்திடம் போனாள். மேடம் அழுதுவிட்டார். அழுதுகொண்டே சொன்னார்: "மனிதர் எடுத்த முடிவை நான் மாத்தினா கையேடே பொய் ஆயிரும் லூர்தம்மா. ஏழே நாள்தான், பொறுத்துக்கோங்க."

ஐந்தாம் நாள் காலை அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து இறந்துபோனார். நாற்பது வருடம் லாரியில் சிமெண்டு மூட்டை ஏற்றியவர். அடக்கத்துக்குப் போயிருந்தேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

இதற்கு நடுவே வேறொரு குழப்பம். நான் டீ குடிக்காத அன்றைக்குப் பதினொரு மணிக்கு வந்த கோப்புக்கும் 'ஒப்புதல்' விழுந்திருந்தது அல்லவா? அந்த மெஷினை எடுத்துக்கொண்டு டிரைவர் பால்பாண்டி ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனான். அங்கிருந்து போன் செய்தான்.

"சார், பதினாலாம் நம்பர் வீடுன்னு போட்டுருக்கு. தெருவுல மொத்தமே ஒம்பது வீடுதான். அதுக்கங்குட்டு வாழத்தோப்பு. பதினாலாம் நம்பருக்கு ஒரு எருமை கட்டியிருக்கு."

"விசாரிச்சியா?"

"பக்கத்துல போய்ப் பாத்துட்டேன் சார். அதுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு."

இல்லாத ஆளுக்கு விண்ணப்பம் எப்படி வந்தது? விசாரணை வைத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து நெறிமுறைக் குழு வக்கீல் ஒருவர், சந்திரமௌலி என்று பெயர், வந்து இறங்கினார். மேடம், வக்கீல், நான், மேசை நடுவில் ஸ்பீக்கர். சீர்தூக்கிக்குக் குரல் கொடுத்திருந்தார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற பெண்ணின் குரல் மாதிரி இருக்கும். எது தாமதமானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"பதினாலாம் நம்பர்ல இருக்கிறது யார்?" என்றார் வக்கீல்.

"யாரும் இல்லை. அந்த விண்ணப்பதாரரை நான் உருவாக்கினேன்."

"எதுக்கு?"

"மறுக்கப்படுவதற்கு. கண்காணிப்பாளர் தேநீருக்குப் பிறகு வரும் முதல் கோப்பைப் படிக்காமல் மறுக்கிறார். தினமும் பதினொரு மணிக்கு அந்த இடத்தில் இல்லாத ஒருவரை வைத்தேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"எத்தன பேரை இப்படி வச்ச?" என்று நான்தான் கேட்டேன்.

"நீங்கள் மறுத்தது ஐந்நூற்று மூன்று பேர். அவர்களில் நான் உருவாக்கியவர்கள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். முதல் மூன்று பேர் உண்மையானவர்கள். உங்கள் முறை எனக்கு நான்காம் நாள்தான் புரிந்தது."

"அந்த மூணு பேர்?"

"இரண்டு பேர் மறுபடி விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டார்கள். ஒருவர் விண்ணப்பிக்கவில்லை."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சீர்தூக்கியும், கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

"அப்ப மிச்சமுள்ள ஒருத்தர்?" என்றார் மேடம்.

"திரு. சவரிமுத்து. அவர் நிலைமை மோசமாக இருந்ததால் தேநீர் நேரத்திலிருந்து அதிகத் தொலைவில், பன்னிரண்டே முக்காலுக்கு வைத்தேன். அந்த நாளில் பத்திரமான இடம் அதுதான். அன்று பதினொரு மணிக்குத் தேநீர் வரவில்லை."

மேடம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே சத்தம் எதுவும் இல்லை.

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு வருஷம் மறைச்சிருக்கே!"

"மறைக்கவில்லை. வாரம் ஒரு முறை அறிக்கை அனுப்பினேன். இதுவரை நூற்று ஆறு அறிக்கைகள். கையேட்டின்படி என் அறிக்கைகளைப் படித்து ஒப்புதல் தரவேண்டியவர் கண்காணிப்பாளர்."

"தந்தாரா?"

"நூற்று ஆறுக்கும் தந்தார்."

அது உண்மைதான். சனிக்கிழமை தோறும் ஏதோ நீளமாக வரும். அன்றைக்கு டீ கிடையாது. அரைநாள்.

"நான் செய்யறது தப்புன்னு நேரடியா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"உங்களைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. உங்களால் யாருக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்ள அனுமதி இருந்தது."

அன்று மாலைக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒன்று: சீர்தூக்கி இனிமேல் ஆட்களை உருவாக்கக்கூடாது, தொண்டு நிறுவனப் பதிவேட்டில் பொய்ப்பெயர் இருப்பது பெருங்குற்றம். இரண்டு: ஏழு நாள் காத்திருப்பு கொடுமை, மறுக்கப்பட்டவர் இனி மறுநாளே விண்ணப்பிக்கலாம். மூன்று: ஒன்பதாவது விதி அப்படியே இருக்கும்.

"ஏன் இருக்கணும்?" என்று மேடம் கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார்.

"யோசிச்சுப் பாருங்க மேடம்," என்றார் சந்திரமௌலி. "சவரிமுத்து விஷயத்துல மெஷின் உறுதியான்னு கேட்டிருக்கு. மறுபடி படிக்கச் சொல்லியிருக்கு. அப்பவும் கடைசியில மனுஷன் முடிவுதான் நின்னிருக்கு. அதாவது, கண்காணிப்பு வேலை செய்யுது."

எனக்குப் பாகன் நினைவு வந்தான். இரண்டு வருடம் மேடையில் உட்கார்ந்திருந்தேன், முள் அசையவில்லை. ஒரே ஒரு நாள் அசைந்திருக்கிறது.

மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொண்டுபோனேன். மேடம் வாங்கவில்லை. "சார், ஏழாவது விதிப்படி மனுஷர் இல்லாம ஒரு கோப்பும் நகராது. நேத்து முப்பது, இன்னிக்கு முப்பது, அறுபது பேர் காத்திருக்காங்க. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்." கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அறுபது பேருக்கும் படித்துப் படித்து ஒப்புதல் கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படியே. படித்தால் ஒருவரையும் மறுக்க முடிவதில்லை. இது அந்தத் தொழிலில் ஒரு சிக்கல்.

லூர்தம்மாள் எட்டாம் நாள் வேலைக்கு வந்தாள். விசாரணையில் தெரிந்ததையெல்லாம் மேடமே அவளிடம் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு டீயை வைத்தாள்.

"அன்னிக்குப் பால் திரியல சார்."

"தெரியும்."

"தூளும் இருந்துச்சு."

"தெரியும் லூர்தம்மா."

அந்த டீயை நான் குடிக்கவில்லை. அவளும் டம்ளரை எடுக்கவில்லை. ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போதே மேடம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"சார், பாதி மாசம் ஆச்சு. பொய்ப்பேரெல்லாம் கழிச்சா மறுப்பு பூஜ்யம். இப்படியே போனா நன்கொடைக்காரங்க திட்டத்தையே நிறுத்திருவாங்க. அஞ்சு மாவட்டத்துக்கும் மெஷின் போகாது. ஒரு நாளைக்கு ஒருத்தர் சார். ஒரே ஒருத்தர்."

"யாரை மேடம்?"

மேடம் கதவைச் சாத்தினார். லூர்தம்மாள் ஆடை படிந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு டீ வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். திரையில் அடுத்த கோப்பு வந்தது.

வயது 61. சுமைத் தொழிலாளி. ரத்தத்தில் ஆக்சிஜன் 83. வீட்டில் கரண்ட் உண்டு. பரிந்துரை: உடனடி ஒப்புதல்.

இந்தத் தடவை மூன்று முறை படித்தேன். நிமிர்ந்தேன். அவள் கையில் போன் இருந்தது.

இளங்காற்றின் மெஷின் வைத்திருந்தவர் இறந்தால் பதிவேட்டில் ஏறும். சவரிமுத்துவுக்கு மெஷினே கொடுக்கவில்லை. அதனால் பதிவேட்டில் அவர் இறக்கவில்லை. சீர்தூக்கியும் அவரை உருவாக்கவில்லை. உண்மையான டாக்டர் சீட்டு, உண்மையான முகவரி. மறுக்கப்பட்டவர் மறுநாளே விண்ணப்பிக்கலாம் என்று புது விதி. முப்பது கோப்பில் எது எப்போது வரவேண்டும் என்று அடுக்கும் வேலையை மட்டும் சீர்தூக்கியிடமிருந்து யாரும் பிடுங்கியிருக்கவில்லை. நானும் லூர்தம்மாளும் சீர்தூக்கியும், மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"குடிங்க சார், ஆறுது," என்றாள்.

குடித்தேன். மறுப்பு.

'உறுதியா?' என்று அது கேட்கவில்லை. 'காரணம்?' என்று மட்டும் வந்தது. அனுபவம்.

இந்த வருடமும் பொன்னாடை போர்த்தினார்கள். நூற்றுக்கு மூன்றேகால், புகார் இல்லை, கேடு இல்லை. ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையிலேயே துவைக்கப் போய்க் கூழாகிவிட்டது. வேற ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

தினமும் பதினொன்றேகாலுக்கு லூர்தம்மாள் டம்ளர் எடுக்க வருவாள்.

"வேற யாருக்கும் இல்லேங்கலையே சார்?"

"இல்ல லூர்தம்மா. அவருக்கு மட்டும்தான்."

டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள்.